டெலிபரேட் என்றால் வேண்டுமென்றே மட்டும்தானா?

கேள்வி: வணக்கம் ஐயா. கோவையில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த வருட அப்ரைசலில் அமெரிக்காவில் இருக்கும் என் மேனேஜர் இரண்டு இடத்தில் ‘டெலிபரேட்’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறார். நான் ‘வெரி டெலிபரேட்’ ஆக வேலை செய்கிறேன் என்று ஓரிடத்தில். எந்த வேலைகளை எடுத்துக்கொள்கிறேன் என்பதில் ‘மோர் டெலிபரேட்’ ஆக இருக்க வேண்டும் என்று இன்னோரிடத்தில். டெலிபரேட் என்றால் ‘வேண்டுமென்றே’ என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நான் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறேன் என்று சொல்கிறாரா? என் கணவரும் அப்படித்தான் இருக்கும் என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜரோடு பேச வேண்டும். இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது? ‘லிபர்ட்டி’யோடு ஏதாவது சம்பந்தம் உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், விளக்கமெல்லாம் அப்புறம். உங்கள் மேனேஜர் உங்கள் மீது குற்றம் சொல்லவில்லை. முதல் வாக்கியம் பாராட்டு. இரண்டாவது வாக்கியம் யோசனை. இரண்டிலும் ‘வேண்டுமென்றே’ என்ற அர்த்தத்துக்கு இடமே இல்லை. மன்னிப்புக் கேட்டு ஏதாவது மெயில் எழுதி வைத்திருந்தால் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள்.

நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. முப்பது வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வழக்கு ஆவணங்களும் கம்பெனிக் காகிதங்களும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு சொல்லால் எத்தனை பேர் சங்கடப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவன். நம் ஊரில் இந்தச் சொல் புழங்குகிற விதத்தைக் கவனியுங்கள்: ‘அவன் டெலிபரேட்டா பண்ணினான்’, ‘டெலிபரேட்டா என் பெயரை விட்டுட்டாங்க’. எப்போதும் சண்டையில்தான் வரும். ஒரு நல்ல காரியத்தை யாராவது டெலிபரேட்டாகச் செய்தார்கள் என்று நம் பேச்சில் நான் கேட்டதே இல்லை. பள்ளியில் ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று மனப்பாடம் செய்தோம், அந்த ஒன்று இந்தச் சொல்லின் கசப்பான பக்கமாகப் போய்விட்டது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? தராசிலிருந்து வந்தது.

லத்தீன் மொழியில் ‘லிப்ரா’ என்றால் தராசு. நாளிதழ்களில் துலாம் ராசிக்கு ஆங்கிலத்தில் லிப்ரா என்று போடுகிறார்களே, அதே சொல்தான், அங்கே வரைந்திருப்பதும் தராசுதான். அதிலிருந்து ‘லிப்ராரே’, எடை போடுதல். முன்னால் ‘டே’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘டேலிபெராரே’ ஆனது. நன்றாக, முழுக்க, ஒரு முடிவு கிடைக்கும் வரை எடை போட்டுப் பார்ப்பது என்று பொருள். பண்டமோ பொன்னோ வைத்து நிறுப்பதைச் சொன்ன சொல், மனசுக்குள் இரண்டு தட்டுகளை வைத்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பதற்கு ஆகிவந்தது. இப்படிப் பொருள் சொன்னது இன்றைய மொழியியல்காரர்கள் மட்டுமில்லை. பெஸ்டஸ் என்ற பழைய ரோமானிய அகராதிக்காரரின் நூலைச் சுருக்கி எழுதியதில் ஒரு குறிப்பு இருக்கிறது, ‘லிபெல்லா’ என்ற சின்னத் தராசிலிருந்து இந்தச் சொல் வந்தது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

லிபர்ட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நல்ல கேள்வி. எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். லிபர்ட்டி வருவது ‘லீபெர்’ என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து, அதற்குச் சுதந்திரமானவன் என்று பொருள். லைப்ரரி வருவதோ புத்தகத்தைக் குறிக்கும் மூன்றாவது ஒரு சொல்லிலிருந்து. மூன்றும் பார்க்க ஒரே சாயல், மூன்றும் வேறு வேறு குடும்பம். ஒரேயொரு இடத்தில் மட்டும் லிபர்ட்டியின் நிழல் இதன் மேல் விழுந்திருக்கலாம் என்கிறார்கள். ‘லிப்ராரே’ என்பது டேலிபெராரேயில் ‘லிபெராரே’ என்று நடுவில் ஒரு ‘எ’ ஒலி சேர்ந்து மாறியதற்கு, விடுவித்தல் என்ற பொருளுடைய சொல்லின் சாயல் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

லிப்ராவின் உண்மையான சொந்தக்காரர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ரோமானியர்களுக்கு லிப்ரா எடை அளவும்கூட, நம் கணக்கில் சுமார் 327 கிராம். இன்றைக்கும் பவுண்டு எடையை ‘எல்பி’ என்று சுருக்கி எழுதுவது அந்த லிப்ராவைத்தான். பிரிட்டிஷ் பவுண்டின் குறியீடாக வளைந்து நிற்கும் ‘எல்’ எழுத்தும் அதுவே, இத்தாலியின் பழைய காசான லிராவும் அதுவே. பள்ளியில் வேதியியலில் படித்த ‘ஈக்விலிபிரியம்’, அதாவது சமநிலை, இரண்டு தட்டும் சமமாக நிற்பது. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தை ஆங்கிலத்தில் ‘லெவல்’ என்கிறோமே, அது மேலே சொன்ன லிபெல்லாவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

யோசிப்பதை நிறுப்பதாகப் பார்ப்பது ஐரோப்பிய மொழிகளில் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ‘பாண்டர்’ என்றால் ஆழ்ந்து யோசிப்பது, அதன் வேர் ‘பொண்டுஸ்’, பாரம். பிரெஞ்சில் யோசிப்பதற்கும் நிறுப்பதற்கும் உள்ள இரண்டு வினைச்சொற்களும் ஒரே லத்தீன் வேரின் பிள்ளைகள். நாம் பயந்து பயந்து எழுதிய எக்ஸாம் இருக்கிறதே, லத்தீனில் ‘எக்ஸாமென்’ என்பதற்கு உள்ள பொருள்களில் ஒன்று தராசு முள்.

தமிழில் மட்டும் என்ன? ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோம், ‘ஆளை எடை போட்டுவிட்டேன்’ என்கிறோம். ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்’ என்று குறளில் வருகிறதே, அந்தத் ‘தூக்கி’ தராசைத் தூக்கி நிறுத்துப் பார்ப்பதுதான். காரியத்தின் பலம், நம் பலம், எதிரியின் பலம், துணைக்கு வருபவர்களின் பலம், நான்கையும் நிறுத்துப் பார்த்துவிட்டு இறங்கு. ‘தூக்கிச் செயல்’ என்ற இந்த இரண்டு சொல்லைவிட டெலிபரேட்டுக்கு நெருக்கமான தமிழ் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. லத்தீன்காரனும் நம்மவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே தராசைக் கையில் எடுத்திருக்கிறார்கள், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

இனி அர்த்தங்களுக்கு வருகிறேன். பெயரடையாக இந்தச் சொல் பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. நிறுத்துப் பார்த்து முடிவு செய்தது என்பது அடிப்படை. அதிலிருந்து இரண்டு கிளை. ஒருவன் யோசித்து முடிவெடுத்துத்தான் ஒன்றைச் செய்தான் என்றால் அது கைதவறி நடந்தது இல்லை, தெரிந்தே செய்தது. இது முதல் கிளை. நிறுத்துப் பார்க்க நேரம் ஆகும், முள் ஆடி நிற்கும்வரை பொறுக்க வேண்டும், ஆகவே நிறுத்துப் பார்ப்பவன் பதறமாட்டான், அவன் நடையும் பேச்சும் நிதானமாக இருக்கும். இது இரண்டாவது கிளை. நம் பள்ளிக்கூடம் முதல் கிளையை மட்டும் உடைத்துக் கையில் கொடுத்துவிட்டது.

வினைச்சொல்லாக வரும்போது அடிப்படைப் பொருள் அப்படியே இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்களில் ஜூரிகள் தனி அறைக்குப் போய் டெலிபரேட் செய்கிறார்கள் என்றால் கூடி ஆலோசிக்கிறார்கள் என்று அர்த்தம். 1774இல் எட்மண்ட் பர்க் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி தன் பிரிஸ்டல் தொகுதி வாக்காளர்களிடம், பாராளுமன்றம் என்பது ஒரே நாட்டின் ‘டெலிபரேட்டிவ்’ அவை என்றார். அதுவும் கூடி ஆலோசிக்கும் அவைதான். உச்சரிப்பிலும் ஒரு வித்தியாசம் உண்டு, வெள்ளிக்கிழமை பேசும்போது உதவும். வினைச்சொல்லில் கடைசி அசை ‘ரேட்’ என்று நீளும். பெயரடையில் அது தேய்ந்து ‘டிலிபரட்’ போல ஒலிக்கும். செப்பரேட், எஸ்டிமேட் போன்ற சொற்களிலும் இதே கதைதான். நாம் எல்லா இடத்திலும் ‘ரேட்’ என்று நீட்டிவிடுகிறோம்.

இப்போது ‘வேண்டுமென்றே’ என்ற நம் சொல்லையும் பிரித்துப் பாருங்கள். வேண்டும் என்றே. ஆசைப்பட்டு, விரும்பி என்பதுதான் அதன் உள்ளே இருக்கிறது. டெலிபரேட்டின் உள்ளே இருப்பது விருப்பம் இல்லை, நிறுவை. வேண்டுமென்றே செய்பவன் யோசிக்காமலும் செய்யலாம், கோபத்தில் தட்டைத் தூக்கி எறிகிற பிள்ளை அதை வேண்டுமென்றேதான் எறிகிறது, எதையும் நிறுத்துப் பார்த்து எறியவில்லை. அதனால்தான் இந்த இரண்டு சொற்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுக்கு ஒன்று மாற்றி வைக்கும்போது கோளாறு வருகிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் விபத்து நடந்து, உள்விசாரணை நடந்தது. மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையில், தொழிலாளி ஒருவர் வால்வை நோக்கி ‘டெலிபரேட்’ ஆக நடந்தார் என்று இருந்தது. பதறாமல், அடிமேல் அடி வைத்துப் போனார் என்பதுதான் எழுதியவர் சொல்ல வந்தது, முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்தால் தெளிவாகத் தெரியும், ஆவி கசிந்துகொண்டிருந்த இடம் அது. தமிழ்ப் பிரதியில் ‘வேண்டுமென்றே வால்வை நோக்கிச் சென்றார்’ என்று வந்துவிட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் மேல் சதி வேலைக் குற்றச்சாட்டு வரை போனது. மறு மொழிபெயர்ப்புக்கு என்னிடம் வந்தபோது அவரையும் சந்தித்தேன். ‘நான் அணைக்கத்தான் சார் போனேன்’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரதி திருத்தப்பட்டது, அந்தக் குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் ஐந்து மாதம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே வந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். உங்களுக்கும் அதைத் தருகிறேன்: இந்த இடத்தில் இதற்கு எதிர்ச்சொல் எதுவாக இருக்கும்?

‘தற்செயலாக’ என்பது எதிர்ச்சொல்லாகப் பொருந்தினால் அங்கே டெலிபரேட் என்பது வேண்டுமென்றே, தெரிந்தே. ‘அவசரப்பட்டு’ பொருந்தினால் நிதானமாக. ‘போகிற போக்கில்’ பொருந்தினால் யோசித்து, தேர்ந்து. கிரிக்கெட்டில் டெலிபரேட் நோபால் என்று விதியிலேயே உண்டு, கால் தவறிக் கோட்டைத் தாண்டுவது வேறு, தெரிந்தே தாண்டுவது வேறு. தற்செயலுக்கு எதிரானது, ஆகவே வேண்டுமென்றே. இந்திய தண்டனைச் சட்டத்தில் மத உணர்வுகளைப் புண்படுத்துவது பற்றி இருந்த பழைய 295ஏ பிரிவும் அப்படித்தான். 1927இல் சேர்த்த பிரிவு அது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. ‘டெலிபரேட் அண்ட் மலிஷியஸ்’ நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது. அறியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்தது இதற்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் விளக்கியது. அங்கே அந்த ஒரு பெயரடை ஒருவரைச் சிறைக்கு வெளியே வைக்கிற பெயரடை.

கிளை மாறிப் படித்தால் தனி மனிதர்கள் மட்டுமில்லை, ஒரு தேசமே அவதிப்படும் என்பதற்கு உங்கள் மேனேஜரின் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில், பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியாகப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. எப்போது முதல் சேர்க்க வேண்டும்? அதற்கு 1955 மே 31 அன்று இரண்டாவது தீர்ப்பு வந்தது. அதில் போட்ட சொற்றொடர்தான் ‘ஆல் டெலிபரேட் ஸ்பீட்’. நீதிபதி பிராங்க்பர்ட்டர் விரும்பிச் சேர்க்கச் சொன்னது, அதற்கு முன்பே 1911இல் நீதிபதி ஹோம்ஸ் வேறொரு வழக்கில் பயன்படுத்தியது.

அந்தச் சொற்றொடரை நீங்களே மொழிபெயர்த்துப் பாருங்களேன். ‘உரிய நிதானத்தோடு கூடிய வேகம்’ என்றுதான் வரும். குழந்தைகளின் பெற்றோர் காதில் வேகம் என்ற சொல் விழுந்தது. பிரித்து வைக்கவே விரும்பிய மாகாணங்களின் காதில் டெலிபரேட் என்ற சொல் மட்டும் விழுந்தது. நிறுத்துப் பார்க்கிறோம், இன்னும் நிறுத்துக்கொண்டே இருக்கிறோம் என்று வருடங்களைக் கடத்தினார்கள். வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிவிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி இருந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு ஐந்து வருடம் பள்ளியே இல்லை, ஏழு வயதில் பாடப் புத்தகத்தைக் கீழே வைத்த பிள்ளை பன்னிரண்டு வயதில் திரும்பி வந்து எதிலிருந்து தொடங்கும்? 1964இல் நீதிபதி ஹ்யூகோ பிளாக், வெறும் ‘டெலிபரேட் ஸ்பீட்’டுக்கான காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார். 1969இல் மிசிசிப்பியிலிருந்து வந்த இன்னொரு வழக்கில்தான் ‘உடனே’ என்ற பொருள்படத் தீர்ப்பு வந்தது. உடனே என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் டெலிபரேட் என்று எழுதியதற்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

‘வெரி டெலிபரேட்’ ஆக வேலை செய்கிறீர்கள் என்பதற்கு எதிர்ச்சொல் போட்டுப் பாருங்கள். தற்செயலாக வேலை செய்கிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது, பொருந்தவில்லை. அவசரப்பட்டு வேலை செய்கிறீர்கள் என்பது பொருந்துகிறது. ஆகவே அவர் சொல்வது, நீங்கள் பதறாமல், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள் என்பது. டெஸ்டிங் வேலையில் இதைவிட நல்ல வார்த்தை வேறென்ன வேண்டும்? ‘எந்த வேலைகளை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதில் மோர் டெலிபரேட்’ என்பதற்கு ‘போகிற போக்கில்’ என்பது எதிர்ச்சொல். யார் எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள், எது உங்கள் வேலை, எது முக்கியம் என்று நிறுத்துப் பார்த்து எடுங்கள் என்கிறார். உங்கள் கடிதத்தை வைத்து மட்டும் சொல்கிறேன், இரண்டாவது வரி உங்கள் மேல் அக்கறையோடு எழுதியதாகத்தான் படுகிறது. அமெரிக்க அலுவலகங்களில் இப்போது ‘இன்டென்ஷனல்’, ‘டெலிபரேட்’ இரண்டையும் இந்த அர்த்தத்தில் தாராளமாகப் புழங்குகிறார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் வரியில் ‘கொஞ்சம் மெதுவு’ என்ற சாயலும் இருக்க முடியும். இரண்டாவது கிளையில் அந்தச் சாயல் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும், சிலர் மெதுவான ஆளை நாசூக்காகச் சொல்லவும் இதைப் பயன்படுத்துவார்கள். அதைக் காகிதத்தை முறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும். நிதானமாகச் செய்வதைப் பாராட்டியிருக்கிறீர்கள், நன்றி, என் வேகம் குழுவுக்குப் போதுமானதாக இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். அடுத்ததாக, என் கையில் இப்போது இத்தனை வேலை இருக்கிறது, இவற்றில் எதை விடலாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பட்டியலைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது வரிக்கு அதுதான் பதில், வாயால் சொல்லும் ‘ஓகே’ போதாது.

உங்கள் கணவர் கேட்டால், இதற்குத் தமிழில் ‘நிதானம்’ என்று சொல்லுங்கள். சம்ஸ்கிருதத்தில் மூல காரணம், நோயின் காரணம் என்ற பொருளில் இருந்த சொல். தமிழில் வந்து, ஆராய்ந்து அறிவதும் பதறாமல் இருப்பதும் என்று இரண்டு பொருளையும் சேர்த்து வைத்துக்கொண்டது. ‘நிதானித்துப் பார்’ என்றால் ஆராய்ந்து பார், ‘நிதானமாகப் போ’ என்றால் மெதுவாகப் போ. தமிழ் வேதாகமத்தில் ‘நிதானித்து அறிதல்’ என்று வருவது முதல் பொருளில். டெலிபரேட்டின் இரண்டாவது கிளையும் அடிமரமும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. வேண்டுமென்றே என்ற முதல் கிளை மட்டும்தான் அதில் இல்லை, உங்கள் அப்ரைசலிலும் அது இல்லை.

வெள்ளிக்கிழமை பேசிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதுங்கள்.